பனிக்காலத்தில் கிழவனுக்கு வெளியே என்ன வேலை?

போன வாரம் மாலை, வழக்கம்போல் நாங்கள் நான்கு பென்ஷன்காரர்கள் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவருக்குக் கனடாவிலிருந்து மகன் டிக்கெட் போட்டிருக்கிறான். டிசம்பரில் பயணம். மனிதர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"நாலு மாசம் வீட்டுக்குள்ளேயே கெடக்கணுமாம். வெளியில கால் வைக்கவே கூடாதாம். அதுக்கு ஜெயிலுக்கே போயிடலாம்ல?" என்றார்.

அங்கே இரண்டு பனிக்காலங்களைக் கழித்தவன் நான். முதல் பனிக்காலம் அவர் சொன்ன மாதிரியேதான் போயிற்று. இரண்டாவது அப்படிப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை அவரிடம் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பனிக்காலம் என்று சொல்லி வயதானவர்களைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைப்பது பாதுகாப்பு ஆகாது. அதுவும் ஒரு நோய்தான், என்ன, மெதுவாக வருகிற நோய்.

என் மனைவி காலமான ஐந்தாவது மாதம் மகன் என்னை அழைத்துக்கொண்டு போனான். மாண்ட்ரியலுக்கு வடக்கே லவாலில் வீடு. நவம்பர் கடைசியில் இறங்கினேன். ஜன்னல் ஓரமாக ஒரு நல்ல சாய்வு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்துகொண்டு தெருவில் பனி வாரும் வண்டி போவதைப் பார்ப்பேன், டிவி சீரியல் பார்ப்பேன், தூங்குவேன். மார்ச் மாதத்தில் ஒருநாள் மாடிப்படி ஏறும்போது கால் நடுங்கியது. புதுச்சேரியில் தினமும் 4 கிலோமீட்டர் நடந்த கால் அது. பேச்சும் குறைந்துபோயிருந்தது. பேத்தி கேட்டால் மட்டும் பதில் சொல்வேன். துக்கத்தால் அப்படி இருக்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். பாதி துக்கம் என்பது உண்மை. மீதிப் பாதி அந்த நாற்காலி.

மகனைக் குறை சொல்ல முடியாது. சூப்பர் விசாவில் வருகிற பெற்றோருக்குக் குறைந்தது 1,00,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. எடுத்திருந்தான். இருந்தாலும் 70 தாண்டிய தகப்பன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குப் பயம். "உள்ளேயே இருங்கப்பா, என்ன வேணும்னாலும் நான் வாங்கிட்டு வரேன்" என்பான். அன்பு மிகுதியால் சொன்ன வார்த்தை. முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு கோப்பைத் தொலைக்க வேண்டாம் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினால், அது பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் நகராது.

இரண்டாவது வருஷம் பிப்ரவரியில் ஐந்து நாள் லீவு போட்டு, லோராந்தீத் மலைப்பகுதியில் ஒரு ஷாலே எடுத்தான். ஷாலே என்றால் ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய சின்ன வீடு. மாண்ட்ரியலிலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் சேன்ட் அகாத் என்கிற ஊர்ப்பக்கம். தாழ்வான பழைய மலைகள், ஊசியிலைக் காடு, திரும்பின பக்கமெல்லாம் ஏரி. கெபெக் மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கான ஏரிகள் உண்டு. பனிக்காலத்தில் அவை எல்லாம் உறைந்து வெள்ளை மைதானங்களாகிவிடும்.

போவதற்கு முன்னால் மகன் ஒரு பட்டியல் போட்டான். முதல் நாள் ஸ்னோமொபைல், இரண்டாம் நாள் ட்யூபில் சறுக்குவது, மூன்றாம் நாள் நாய்கள் இழுக்கும் வண்டி, நான்காம் நாள் ஸ்கீ. ஒவ்வொன்றுக்கும் நேரம், கட்டணம். என் பெயருக்கு நேரே ஒரே வரிதான்: "அப்பா - ஷாலேயில் ஓய்வு, கணப்பு." நான் அலுவலகத்தில் எத்தனையோ பேரின் ஓய்வு உத்தரவை டைப் அடித்தவன். என்னுடையதை இரண்டாம் முறையாக மகன் கையால் வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும், 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும், எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. ஒன்றாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தில் ஒரு படம். கம்பளித் தொப்பி போட்ட சிறுவன், உறைந்த குளத்தின் மேல் சறுக்கிக்கொண்டிருப்பான். கீழே 'நேழ்', 'கிளாஸ்' என்று இரண்டு வார்த்தைகள். ஒன்று வானத்திலிருந்து விழும் பனி, மற்றது பனிக்கட்டி. எங்களுக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனி, அதற்கே தலையில் மப்ளர் கட்டிவிடுவாள் அம்மா. பனிக்கட்டி என்றால் மீன் மார்க்கெட்டில் மரத்தூள் ஒட்டிக்கொண்டிருக்கும் பாளம். இரண்டு வார்த்தைகளுக்கும் எழுத்துப் பிழையில்லாமல் டிக்டேஷன் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அவற்றின் மேல் கால் வைக்க எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

முதல் நாள் காலை மகன், மருமகள், பேத்தி மூவரும் ஸ்னோமொபைலுக்குக் கிளம்பினார்கள். நான் ஜன்னல் ஓரம். பக்கத்து ஷாலேயிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். என்னைவிட மூத்தவர், 81 வயது என்று பிறகு சொன்னார். தோளில் ஒரு பெரிய திருகு, கையில் வாளி, காலில் வலைமட்டை போல ஒன்று. நிதானமாக ஏரிக்குள் நடந்து போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து இருந்த துணியை எல்லாம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "போன்ழூர், முசியே" என்று கத்தினேன்.

அவர் திரும்பி வந்தார். நான் பள்ளியில் படித்தபடி, 'தாங்கள்' போட்டு மரியாதையாகக் கேட்டேன். அவர் முதல் வாக்கியத்திலேயே 'நீ'க்கு வந்துவிட்டார். அங்கே அப்படித்தான், அவமரியாதை இல்லை. அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. குளிர் என்பதற்கு நான் 'ஃப்ருவா' என்றால், அவர் 'ஃப்ரெத்' என்றார். சாதாரணக் குளிருக்கு ஒரு சொல், பல் கிட்டும் குளிருக்கு இன்னொரு சொல்லாம். என் பிரெஞ்சு எங்கே கற்றது என்று கேட்டார். பொந்திஷேரி என்றேன். பள்ளிக்கூடப் புத்தகம் நடந்து வந்து பேசுவது போல இருக்கிறது என்று சிரித்தார். பிறகு என் காலைப் பார்த்தார். பேத்தி பள்ளிக்கூடம் போகும்போது நான் வாசல் வரை போட்டுக்கொள்ளும் சாதாரண பூட்ஸ். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் ஒரு ஜோடி பனி மட்டை கொண்டு வந்தார்.

பிரெஞ்சில் அதற்கு 'ராக்கெத்' என்று பெயர், டென்னிஸ் மட்டைக்கும் அதே சொல்தான். வெள்ளைக்காரர்கள் அந்த மண்ணில் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் செய்த சாதனம். ஆஷ் மரச் சட்டத்தை வளைத்து, பதப்படுத்தாத தோல் வாரால் வலை பின்னுவார்கள். இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன. சூட்சுமம் ரொம்ப எளிது. உடம்பின் எடை பெரிய பரப்பில் பரவுவதால் கால் பனிக்குள் புதைவதில்லை. அடியில் இரும்புப் பல் இருப்பதால் வழுக்குவதும் குறைவு. இரண்டு கைக்கும் ஊன்றுகோல். கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. ஒன்று சொல்லட்டுமா? சேறும் பள்ளமுமான எங்கள் தெருவில் மழைக்காலத்தில் நடப்பதைவிட அது பத்திரம்.

ஏரிக்குள் அழைத்துப் போவதற்கு முன் பெரியவர் ஒரு வேலை செய்தார். திருகால் துளை போட்டு, கோடு போட்ட குச்சியை உள்ளே விட்டு அளந்து காட்டினார். 38 சென்டிமீட்டர். நடப்பதற்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர், ஸ்னோமொபைலுக்கு 25 வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதுவும் நீலமாகத் தெளிந்த கட்டிக்குத்தான். பனி கலந்து வெள்ளையாக உறைந்த கட்டிக்குப் பலம் பாதிதான். ஓடை வந்து சேரும் இடம், ஏரி வழிந்து போகும் இடம், அடியில் ஊற்று உள்ள இடம் எல்லாம் மெல்லியதாக இருக்கும். ஒரே ஏரியில் இங்கே 40 இருந்தால் அங்கே 10 இருக்கலாம். அவர் கழுத்தில் கயிறு கட்டி இரண்டு ஆணிப்பிடிகள் தொங்கின. உள்ளே விழுந்துவிட்டால் பனிக்கட்டியில் குத்தி இழுத்துக்கொண்டு மேலே வருவதற்காம். 81 வயதிலும் அது இல்லாமல் ஏரிக்குள் போவதில்லை. தன் சின்ன வயதில் ஏரி இன்னும் சீக்கிரம் உறையும், இப்போது தாமதமாகிறது, அதனால் போன வருஷத்து தேதியை நம்பி யாரும் இறங்கக் கூடாது என்றும் சொன்னார்.

அன்று செய்தது மீன் பிடிப்பது. துளைக்கு மேல் ஒரு சின்னக் கவட்டையில் தராசு போல ஆடும் குச்சி, அதிலிருந்து தூண்டில் தண்ணீருக்குள் இறங்குகிறது. 'பிரெம்பால்' என்கிறார்கள். மீன் இழுத்தால் குச்சி தலை சாயும். அவ்வளவு கெட்டியான கட்டிக்கு அடியில் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும், பனிக்கட்டி லேசானதால் மேலே மிதந்து போர்வையாகிவிடும். ஏரி மேலிருந்து கீழே உறைகிறதே தவிர, அடியிலிருந்து மேலே உறைவதில்லை. எல்லா ஏரியிலும் பனிக்கால மீன்பிடிக்கு அனுமதி கிடையாது, உரிமமும் வேண்டும். அவரிடம் இருந்தது. நான் வேடிக்கை பார்த்தவன் மட்டும்.

ஒரு கவிழ்த்த வாளியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பெர்ஷோட் மீன்கள் அகப்பட்டன. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை, கையகலம். காற்றே இல்லை. மைனஸ் 11. நடுநடுவே ஏரி, பெரிய பலகையில் விரிசல் விடுவது போல 'டொம்' என்று சத்தம் போடும். முதல் முறை எழுந்து ஓடப் பார்த்தேன். கட்டி விரிந்து சுருங்கும் சத்தம், அது நல்ல அடையாளம் என்றார் பெரியவர். அவர் மனைவி போய் ஆறு வருஷம் ஆயிற்றாம். என் மனைவியைப் பற்றிக் கேட்டார். நான் அவளைப் பற்றி ஒரு வருஷத்துக்கும் மேலாக யாரிடமும் பேசியதில்லை. வீட்டில் எல்லோரும் எனக்கு வருத்தம் வரும் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஐம்பது வருஷத்துப் பிரெஞ்சில், இறந்த காலத்து வினைகளில் தப்பும் தவறுமாக, அவள் வைக்கும் வஞ்சிர மீன் குழம்பு வரைக்கும் பேசினேன்.

மதியம் மகன் திரும்பி வந்தபோது வீடு காலி. ஏரி நடுவில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவன் ஓடி வந்த ஓட்டத்தை நினைத்தால் இன்னும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு சீட்டாவது எழுதி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அது என் தப்பு.

"என்னப்பா இது? விழுந்திருந்தா? ஏதாவது ஆயிருந்தா?"

"நாப்பது சென்டிமீட்டர் இருக்குடா, கிட்டத்தட்ட."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அளந்து பார்த்துட்டுத்தான்டா வந்தோம்."

பேத்தி இதற்குள் வாளியை எட்டிப் பார்த்து, "தாத்தா, நீங்களா பிடிச்சீங்க?" என்றாள். அவளிடம் ஆமாம் என்று பொய் சொன்னேன்.

மகன் பயம் முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் போட்டோ எடுக்கிற ஆசையில் கையுறையைக் கழற்றினேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது. சுண்டுவிரல் நுனி மெழுகு போல வெளுத்து, மரத்துப்போயிற்று. மகன்தான் பார்த்து, தன் கையிடுக்கில் வைத்துச் சூடாக்கினான். நான்காம் நாள் 'வெர்க்லா' பெய்தது. மழையாக விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறைவது. அன்று 81 வயதுக்காரரும் வெளியே வரவில்லை, நானும் வரவில்லை. வெளியே போ என்று சொல்கிறேனே தவிர, எல்லா நாளும் போ என்று சொல்லவில்லை.

ஸ்னோமொபைல் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் இரைச்சலையும் பெட்ரோல் நாற்றத்தையும் கண்டித்து ஒரு பத்தி எழுத வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். பெரியவர் சொன்ன கதையால் கொஞ்சம் அடங்கினேன். கெபெக்கின் தெற்கே வால்கூர் என்ற ஊர்க்காரர் ழோசேஃப் அர்மான் பொம்பார்தியே. சிறு வயதிலிருந்தே பனியில் ஓடும் வண்டி செய்யப் பாடுபட்டவர். 1934 பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயதுப் பையனுக்கு வயிற்றில் சீழ் வைத்தது. சாலைகளைப் பனி மூடியிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்லை, பிள்ளை இறந்துபோயிற்று. அதன் பிறகு விடாமல் உழைத்து ஏழு பேர் உட்காரும் பனி வண்டியைச் செய்து 1937இல் காப்புரிமை வாங்கினார். இப்போது வாடகைக்கு ஓட்டும் சின்ன வண்டியின் முன்னோடியான ஸ்கீடூ வந்தது 1959இல். ஒரு தகப்பனின் துக்கத்தில் வளர்ந்த வண்டியை நான் ஏளனம் செய்யத் தயாரில்லை. ஆனாலும் விளையாட்டுக்கு என்று வரும்போது, எங்கள் வயதுக்கு அது ஏற்றதில்லை. முதுகுத்தண்டு ஆட்டம் காணும். வேகத்தில் காற்று முகத்தைக் கிழிக்கும். பேச முடியாது. பட்டியலில் இருந்த மற்றவையும் இப்படித்தான்: பணம் கொடுத்து, வரிசையில் நின்று, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஸ்கீ என்றால் மலை உச்சியிலிருந்து பாய்வது என்று நினைத்துவிடாதீர்கள். சமதளத்தில் நடப்பது போலவே தள்ளித் தள்ளிப் போகும் ஸ்கீயும் உண்டு. அதை அந்த மலைகளில் பரப்பியவர் நார்வேயிலிருந்து வந்த ஹெர்மன் ஸ்மித் யோஹான்சன், 'ஜாக்ராபிட்' என்று பட்டப்பெயர். 1875இல் பிறந்து 1987இல் 111 வயதில் இறந்தார். நூறு தாண்டியும் ஸ்கீ போட்டவர். செயின்ட் ழெரோமிலிருந்து வடக்கே 200 கிலோமீட்டர் ஓடிய பழைய ரயில் பாதை இப்போது பூங்காப் பாதையாகிவிட்டது. 'வடக்கத்திச் சின்ன ரயில்' என்றே பெயர். ரயில் ஏறின பாதை என்பதால் மேடு பள்ளம் மெதுவானது. ஒரு காலத்தில் மாண்ட்ரியலிலிருந்து ரயில் நிறைய ஸ்கீக்காரர்கள் வந்து இறங்குவார்களாம். அங்கே ஒருநாள் சும்மா நின்று பார்த்தேன். போனவர்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். மகனிடம் காட்டினேன். அவன் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் எனக்கு நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி வந்தான்.

அங்கே போகப்போகும் நண்பர்களுக்கு அனுபவத்தில் சில:

உள்ளே பருத்தி வேண்டாம். நம் பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், பிறகு அதுவே குளிரும். உடம்பை ஒட்டிக் கம்பளி, அதன் மேல் ஒரு தடித்த உடுப்பு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட, நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறை சூடு. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் ரப்பர்-இரும்பு முள் பட்டை கடையில் கிடைக்கும், அது இல்லாமல் வாசற்படி இறங்க வேண்டாம். காற்றையும் சேர்த்துச் சொல்லும் குளிர் அளவு மைனஸ் 28க்குக் கீழே போனால், திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்று வானிலைத் துறையே எச்சரிக்கிறது. அன்று வீட்டில் இருங்கள். பிரஷர், இருதயத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். மகனுக்கு உதவி என்று நினைத்துப் பனி வார மண்வெட்டியைத் தூக்காதீர்கள். குளிரில் அந்த வேலை இருதயத்துக்கு ஆகாது. காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். தனியாகப் போக வேண்டாம். என்னைப் போல சொல்லாமலும் போக வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா அம்மாவை நீங்கள் ஷாலேவுக்கு அழைத்துப் போகிறீர்கள், அதுவே பெரிய காரியம். ஆனால் அழைத்துப் போய் ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் விளையாடுவதை எங்களுக்கு வேடிக்கை காட்டாதீர்கள். உங்கள் பட்டியலில் நாலில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த நேரத்துக்கு எங்கள் நடை வேகத்தில் எங்களோடு நடங்கள். பனி மட்டை வாடகை அந்தப் பட்டியலில் உள்ள எதையும்விடக் குறைவு. விழுந்துவிடுவோமோ என்கிற பயம் எங்களுக்கும் உண்டு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தே கால் போய்விட்டால், பிறகு வெயில் காலத்திலும் விழத்தான் போகிறோம்.

ஐந்தாம் நாள் காலை மகன் என்னோடு ஏரிக்குள் வந்தான். பெரியவரிடம் திருகை வாங்கி, மழைக்குப் பிறகு கட்டி எப்படி இருக்கிறதென்று துளை போட்டு அவனே அளந்தான். பெரியவரோடு அவன் பேசுவது அவ்வூர்ப் பிரெஞ்சு, வேலைக்குப் போய்க் கற்றது. நான் பேசுவது பள்ளிக்கூடப் பிரெஞ்சு. நடுவில் எங்களுக்குள் தமிழ். அன்று மீன் ஒன்றும் அகப்படவில்லை. திரும்பும்போது அவன் எனக்கு முன்னால் நடந்து பனியை மிதித்து வழி போட்டுக்கொண்டே போனான், நான் அந்தத் தடத்தில் கால் வைத்துப் பின்னால் போனேன். பாதி வழியில் அவனாகவே, "அம்மாவுக்கு இது பிடிச்சிருக்குமாப்பா?" என்று கேட்டான். இரண்டு பனிக்காலத்தில் அவன் அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. "குளிருதுன்னு நம்மளத் திட்டிக்கிட்டே வந்திருப்பா" என்றேன்.

கடற்கரை நண்பருக்கு: டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வேண்டாம். இங்கிருந்து குரங்குக் குல்லாவும் வாங்கிப் போக வேண்டாம், அங்கே எதற்கும் உதவாது. போனதும் மகனிடம் முதலில் பூட்ஸும் முள் பட்டையும் கேளுங்கள். நாற்காலி கேட்காமலே வரும்.